சப்பரத்துக்கு அடியில் ஓர் அமெரிக்கக் கார்

எங்கள் கோயில் சப்பரத்துக்கு ஸ்டியரிங் உண்டு. இதைச் சொன்னால் தமிழ்நாட்டிலிருந்து வருகிற விருந்தாளிகள் சிரிக்கிறார்கள். அவர்கள் ஊரில் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவார்களாம். யாங்கோனில் எங்கள் தெருவில் அம்மன் எழுந்தருளும் சப்பரத்தைத் தாங்குகிற சகடை, அதாவது சக்கரம் பூட்டிய அடிப்பாகம், ஒரு காலத்தில் மோட்டார் காராக இருந்தது. இப்போது எஞ்சின் இல்லை, சீட் இல்லை, மேல்கூடு இல்லை. நாலு மரச் சக்கரம், இரண்டு நீள இரும்புச் சட்டம், முன்னால் ஒரு ஸ்டியரிங், அவ்வளவுதான். கயிற்றை ஜனங்கள் இழுப்பார்கள். பீடத்துக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து ஒருவர் திருப்புவார். இருபது வருஷமாக அந்த ஒருவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

“ஊர்வலத்துல அம்மனையே பாக்காத ஒரே ஆளு நான்தான் மாப்பிள்ளை. இழுக்கிறவன் முதுகுதான் எனக்குத் தரிசனம்” என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

போன வருஷம் பங்குனியில் அந்தப் பெருமை போயிற்று. டீக்கடை முனையில் திரும்பும்போது முன்பக்க இடது சக்கரம் பிடித்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. கடப்பாரை வைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள். வெயில் ஏறியது. இரண்டு மணி நேரம் கழித்து அம்மனை இறக்கித் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனோம். சகடையை மறுநாள் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அதிலிருந்து மச்சான் அந்த முனைப் பக்கம் போனாலே அங்கே இருக்கிற பூக்கடை அக்கா ஒரு குரல் கொடுப்பார்: “அம்மனை வெயில்ல நிக்க வச்ச மகராசன் வர்றாரு, வழி விடுங்கடி!” விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் மச்சான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதை விட்டுவிட்டார். நாற்பது வருஷப் பழக்கம் அது.

இந்த வருஷம் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது கோயில் கமிட்டி கூடியது. மாவ்பியில் நெல் வியாபாரம் செய்கிற ஒரு பக்தர், சீனச் சிறு லாரி ஒன்றின் அடிச்சட்டத்தைச் சக்கரங்களோடு காணிக்கையாகக் கொடுத்திருந்தார். பழைய சகடையை கேஸ் வைத்து அறுத்து இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு. மச்சான் எழுந்து நின்றார்.

“கொடியேத்துறதுக்குள்ள அதே சக்கரத்தை ஓட வச்சுக் காட்டுறேன். ஓடலைன்னா நானே அறுத்துப் போடுறேன்.”

கோபத்தில் சொன்னது. சொன்ன பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. நேரே என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிள்ளை, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. அது என்ன காருன்னு பாருங்க. கம்பெனிக்கு எழுதிக் கேட்டா சாமான் அனுப்ப மாட்டானா?”

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது தெருவில் ஒரு வதந்தி. நான் தமிழ் படித்ததே நாள்காட்டித் தாள்களில். பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி. இங்கிலீஷோ, நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்திலிருந்து வந்தது. எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்று கேட்டால் சொல்வேன். கார் கம்பெனியின் சரித்திரம் வேறு விஷயம். ஆனால் “வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் சக்கரத்தைக் கழற்றினோம். நடுவில் குடம் இருக்கிறதே, அதன் மூடியே தெரியவில்லை. சந்தனம், குங்குமம், மஞ்சள் எல்லாம் எத்தனையோ வருஷமாக ஒன்றின்மேல் ஒன்றாக அப்பி, தேங்காய் அளவுக்குத் திரண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினால் பித்தளை தெரிந்தது. பித்தளையில் வளைந்த எழுத்துகள். அதுவரை நாங்கள் சக்கரம் என்று பொட்டு வைத்துக் கும்பிட்டது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர்ப்பலகை.

மூடியைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழம்புளி மாதிரி ஒரு கட்டி. முகர்ந்தால் நல்லெண்ணெய் வாசனை, அதற்கடியில் கெட்டுப்போன பால் வாசனை. சங்கதி இதுதான். கிரீஸில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னதால், அம்மன் வண்டிக்குக் கிரீஸ் கூடாது என்று கோயிலில் ஒரு கட்டுப்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் சக்கரத்துக்கு நல்லெண்ணெய் விட்டது மச்சான்தான், குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு. ஊர்வலத்தில் பெண்கள் சக்கரத்துக்குப் பாலும் மஞ்சள் நீரும் ஊற்றுவார்கள். எல்லாம் உள்ளே போய், பேரிங்கைத் தின்றுவிட்டது. உருளைகளில் மூன்று உடைந்து கிடந்தன.

மச்சான் அந்தக் கட்டியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“பக்தியா ஊத்துனேனே மாப்பிள்ளை” என்றார்.

மருந்துகூடச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெரியாமல் போட்டால் விஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் வேலை ஆரம்பித்தது. கரண்டு வருகிற நேரம் பார்த்து, இணையத் தடையைத் தாண்ட விபிஎன் போட்டு, மூடியில் இருந்த பெயரைத் தேடினேன். கிடைத்தது. அதுதான் சங்கடம், அளவுக்கு மீறிக் கிடைத்தது. ஒரு பக்கத்தில், அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஆட்கள் தொடங்கியது, நாலைந்து வருஷத்தில் மூடிவிட்டார்கள் என்று இருந்தது. அடுத்த பக்கத்தில், இல்லை, சைக்கிள் வியாபாரி ஒருவர் தொடங்கியது, மூடவில்லை, விற்றார்கள் என்று இருந்தது. மூன்றாவதில் அதே பெயரில் வேறு ஊரில் வேறு கம்பெனி. முதல் கம்பெனி மூடிய பிறகுதான் இரண்டாவது திறந்ததாம். ஆனால் இரண்டாவது கம்பெனி செய்த காரின் படத்தை முதல் கம்பெனிக்குக் கீழே போட்டிருந்தார்கள். ஒரு விளம்பரப் படத்தில் தொப்பி வைத்த அம்மாள் ஒருத்தி மலைமேல் காரை ஏற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி இருந்த ஊர் முழுக்கச் சமவெளி என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது. கட்டடம் பிற்பாடு என்ன ஆயிற்று? நாற்காலித் தொழிற்சாலை என்றது ஒன்று, சவப்பெட்டித் தொழிற்சாலை என்றது இன்னொன்று.

எனக்குத் தலை சுற்றியது. செத்துப்போனவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வது சகஜம்தான். எழவு வீட்டில் பார்க்கிறோமே. ஆனால் இவர் பிறந்தாரா என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாமான் கேட்டு யாருக்கு எழுதுவது?

இங்கேயும் அதே கதைதான். இந்தக் கார் எங்கள் கோயிலுக்கு எப்படி வந்தது என்று விசாரித்தேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போனது என்றார் பூசாரி. அரிசி மில்காரர் நேர்ந்துகொண்டு கொடுத்தது என்றார் செயலாளர். ஏலத்தில் எடுத்தது என்றார் பந்தல்காரர். மூவரும் சத்தியம் செய்தார்கள்.

இதற்குள் மச்சான் மற்ற பாகங்களையும் சுரண்டி வைத்திருந்தார். ஸ்டியரிங் பெட்டியில் வேறு பெயர். அச்சு இரும்பில் இன்னொரு பெயர். நான் ஒவ்வொரு பெயராகத் தேடி, ஒவ்வொரு நாளும் கமிட்டிக்குப் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை இந்தக் கம்பெனி. செவ்வாய்க்கிழமை, மன்னிக்கவும், அந்தக் கம்பெனி. புதன்கிழமை நான் வாயைத் திறக்கும் முன்பே செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, நீ கார் கம்பெனியத் தேடுறியா, இல்ல பொறந்த பிள்ளைக்குப் பேரு தேடுறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கேஸ் வெட்டுகிற ஆளுக்குச் சொல்லி வைத்தாயிற்று என்று அன்றுதான் தெரிந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் வருவானாம்.

அதற்கப்புறம் பழைய கார்ப் பிரியர்கள் கூடிப் பேசுகிற ஓர் இணையக் குழுவில் சேர்ந்தேன். படங்களைப் போட்டு, போனை வைத்து மொழிபெயர்த்து, எங்கள் கஷ்டத்தை எழுதினேன். காலையில் பார்த்தால் பதில்கள் குவிந்திருந்தன. ஒருவர், இது மிக மிக அரியது, தயவுசெய்து எதையும் சுத்தம் செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தார். சுத்தம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒருவர், அந்தக் கம்பெனி ஒரு காரைக்கூடக் கடல் தாண்டி அனுப்பவில்லை, ஆகவே உங்களிடம் இருப்பது இல்லை என்றார். சகடை எதிரே நிற்கிறது, நான் அதன் மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறேன், இல்லை என்கிறார். இன்னொருவர் சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணச் சொன்னார். எண்ணிச் சொன்னேன். அந்தக் கம்பெனிச் சக்கரத்துக்கு இத்தனை ஆரம் வராது என்றார். ஓர் அம்மாள் மட்டும் காரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அந்தச் சட்டத்தில் ஏன் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறது என்று கேட்டார். அவருக்கு மட்டும்தான் என்னால் தெளிவாகப் பதில் எழுத முடிந்தது.

கடைசியாக ஒருவர் வந்தார். அவரிடம் காரே கிடையாதாம். பழைய அச்சுகள் மட்டும் சேர்க்கிறாராம், கொட்டகை நிறைய. இப்படியும் ஒரு மனிதர்! அவர் எழுதியதை நாலு தடவை படித்தேன். அந்தக் கம்பெனி எதையுமே செய்யவில்லை. அந்தக் காலத்தில் அப்படி நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். எஞ்சின் ஒருவரிடம் வாங்குவது, கியர் ஒருவரிடம், அச்சு ஒருவரிடம், விளக்கு ஒருவரிடம். ஒரு கொட்டகையில் வைத்து முடுக்கி, மேலே தங்கள் பெயரைப் பித்தளையில் வார்த்து மாட்டிவிடுவது. மாட்டின பெயர் மட்டும்தான் அவர்களுடையது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கினார்கள், சீக்கிரம் மூடினார்கள். நீங்கள் பெயரைத் தேடாதீர்கள், பேரிங்கைப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மச்சான், “கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச கதையால்ல இருக்கு” என்றார்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “இதுல என்ன அதிசயம்? நம்ம வீட்டு விருந்துல எங்கம்மா வீட்டு அரிசி, பக்கத்து வீட்டு அண்டா, எதிர்வீட்டு ஆளு வந்து சமைக்குது. பந்தியில நின்னு ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ங்கிறது மட்டும் நீங்க.”

மச்சான் அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தார். எனக்கு மட்டும் குழப்பம் தீரவில்லை. பெயர் மட்டும் ஒருவருடையது, உடம்பு முழுக்க மற்றவர்களுடையது என்றால், அது யாருடைய கார்? அந்தக் கம்பெனி இருந்தது என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? இதை மச்சானிடம் கேட்டேன்.

“அதை அப்புறம் யோசிங்க மாப்பிள்ளை. வேட்டியக் கட்டுங்க, கிளம்பணும்.”

லான்மடாவில் பேரிங் விற்கிற கடைகள் ஒரு வரிசை உண்டு. மூன்று கடைகளில், எந்தக் கார், எந்த வருஷம் என்று கேட்டார்கள். நான் அமெரிக்காவில் தொடங்கினேன். முடிக்க விடவில்லை. நாலாவது கடையில் ஒரு பர்மியப் பெண் இருந்தாள். தனாக்கா மரச் சாந்து பூசிய முகம், மடியில் ஒரு பூனை. ‘அமா’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு, அவளிடமும் நான் கம்பெனிக் கதையை ஆரம்பித்தேன். குதிரை வண்டிக்காரர்களா சைக்கிள்காரரா என்கிற இடத்துக்கு வந்தபோது, அவள் மச்சானைப் பார்த்து, “ஊலே, இவர் எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டாள். ஊலே என்றால் மாமா.

“பொறந்ததுலேருந்து” என்றார் மச்சான், பர்மிய மொழியில், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

உடைந்த பேரிங்கை அவள் வாங்கினாள். எண் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்து உள் வட்டம், வெளி வட்டம், கனம் என்று மூன்று அளவு எடுத்தாள்.

“பேரு எதுக்கு ஊலே? அளவு இருந்தாப் போதும்.”

உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். த்வாண்டே பக்கத்து நெல் அரைக்கிற மெஷின்காரர்கள் வாங்கிப் போகிற அளவாம், எப்போதும் இருக்குமாம். மச்சான் அதைக் கையில் வைத்துச் சுழற்றினார். நீரில் விட்ட மாதிரி சுற்றியது. இரண்டு வாங்கிக்கொண்டோம். வழி நெடுக அவர் டப்பாவைப் பையில் போடாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தார்.

இனி கிரீஸ். பூசாரியிடம் போய் நின்றோம். நான் டப்பாவில் போட்டிருந்ததை வாசித்து, இது பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெயில் செய்தது, கொழுப்பு இல்லை என்றேன். அவர் என்னை நம்பாமல் முகர்ந்து பார்த்தார்.

“பூமியிலேருந்தா வருது?”

“ஆமா சாமி.”

“பூமியும் அவதானே. போடுங்க. ஆனா முத சொட்டு நான் வைக்கிறேன்.” மோதிர விரலால் கொஞ்சம் தொட்டு, திருநீறு வைக்கிற மாதிரி வைத்தார்.

வலது சக்கரத்தையும் அன்றே திறந்தோம். சந்தனத்தைச் சுரண்டினால், அடக் கடவுளே, அந்த மூடியில் வேறொரு கம்பெனியின் பெயர்! ஒரே அச்சின் இரண்டு முனையில் இரண்டு கம்பெனி. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உள்ளே இருந்த பேரிங் அதே அளவு, அதே அமைப்பு. துருப்பிடிக்காத எண் ஒன்று அதில் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது டப்பாவில் இருந்தது அங்கே போய்ப் பொருந்திக்கொண்டது. வெளியே இரண்டு பெயர், உள்ளே ஒரே சாமான். இது இரண்டு கார்களைச் சேர்த்த ஒரு காரா, அல்லது ஒரு காருக்கு யாரோ வேறு சக்கரம் மாட்டினார்களா? அச்சு சேர்க்கிறவரைக் கேட்டு எழுதினேன். இரண்டும் இருக்கலாம் என்று பதில் வந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் கேஸ் வெட்டுகிறவன் சிலிண்டரோடு வந்து நின்றான். கமிட்டி முழுக்க நின்றது. அம்மன் இல்லாத வெறும் சகடையைக் கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரை இழுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. இழுக்க ஆட்களைக் கூப்பிடும் முன்பே செயலாளர் ஒற்றைக் கையால் லேசாகத் தள்ளினார். சகடை அவரை விட்டு ஓட ஆரம்பித்தது. மச்சான் பின்னாலேயே ஓடிப் போய்த் தாவி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். லாரிச் சட்டத்தை என்ன செய்வது என்று அங்கேயே பேசி, ஜெனரேட்டர் வைத்துப் பின்னால் இழுக்கலாம் என்று முடிவானது. வெட்டுகிறவனுக்கு இட்லி கொடுத்து அனுப்பினோம்.

திருவிழாவன்று அம்மன் ஏறி, மாலை எல்லாம் சாற்றி, கயிறு பிடித்தபோது தெருவில் நிற்க இடமில்லை. நான் இடது சக்கரத்தின் பக்கமாகவே நடந்தேன். இத்தனை வருஷமாக அந்தச் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கத்தல் கத்தும். பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் தட்டோடு வெளியே வருவார்கள். இந்த வருஷம் ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தெரு வீடுகளில் யாரும் வெளியே வரவில்லை. மேளக்காரர் அடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

டீக்கடை முனை வந்தது. பூக்கடை அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, வாயில் கை வைத்து நின்றார். சப்பரம் திரும்பியது. பாதி திரும்பியதும், மச்சான் பீடத்துக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு கலவரம்.

“மாப்பிள்ளை! சத்தமே வரலையே. ஓடுதா, நிக்குதா?”

“ஓடுது மச்சான், ஓடுது!”

அவர் நம்பவில்லை. கையைத் தூக்கி இழுக்கிறவர்களை நிறுத்தச் சொன்னார், இறங்கினார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், குடத்தில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று தொட்டார். முந்நூறு பேர் கயிற்றோடு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூக்கடை அக்கா கத்தினார்:

“அண்ணே, அதான் நல்லா ஓடுதே! ஏறி உக்காருங்க, அம்மாவுக்கு வேர்க்குது!”

மச்சான் ஏறி உட்கார்ந்தார்.